அன்று அவைக்கு வராதவர்

போர்-செவரென், நியூ பிரன்ஸ்விக்
ஜனவரி 9, 1989

திரு. எய்னார் ஹால்டர்சன் அவர்களுக்கு,

நாம் சந்தித்ததில்லை. டாக்டர் ஓரேல் கோர்மியேயின் மனைவி நான். அவர் இறந்து பதினெட்டு வருடமாகிறது. என் மொழி பிரெஞ்சு என்றாலும் உங்கள் ஆங்கிலத்திலேயே எழுதுகிறேன். கான்வென்டில் சிஸ்டர்கள் அதை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள்; பிழை இருந்தால் அது என்னுடையது.

எங்கள் ஊர் மேயர் ஃபிடெல் தெரியோ நேற்று ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் என்னை நிறுத்தினார். "மதாம், மேற்கேயிருந்து உங்க வீட்டுக்காரரோட பழைய எதிரி ஒருத்தர் லெட்டர் போட்டிருக்கார். உங்ககிட்ட சொன்னாரா?" என்று கேட்டார். நாலு பேர் காதில் விழும்படிதான் கேட்டார். யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று.

புது நூலகத்துக்கு என் கணவர் பெயரை வைப்பதா என்று மார்ச் மாதம் நகர சபை ஓட்டெடுக்கப் போகிறது. இந்த வளைகுடாவில் சிப்பிகள் ஏன் செத்துப்போயின என்று கண்டுபிடித்தவர் அவர். பிறகு பன்னிரண்டு வருடம் இந்தக் கரைக்காக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். ஆனாலும் ஊர் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு மாலையைத்தான். இங்கே கடல் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று அவரே கொண்டுவந்த தீர்மானம், 1955 பிப்ரவரியில், ஒரே ஓட்டில் தோற்றது. அன்று அவர் அவையில் இல்லை. ஆய்வுக்கூடம் வேறு கரைக்குப் போனது.

நீங்கள் எதிர்வரிசையில் இருந்தவர். தலைநகர் ஒட்டாவாவில் அவர் தங்கிய அதே விடுதியில் தங்கியவர். அவையில் அவரை "மீன் டாக்டர்" என்று கத்திக் கூப்பிட்டவர். அவர் அடக்கத்துக்கு வரவில்லை, ஒரு வரி ஆறுதலும் எழுதவில்லை. இப்போது, ஓட்டெடுப்புக்கு முன்னால், நகர சபைக்கு ‘ஒரு விளக்கம்’ தர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள்.

என்ன விளக்கம்? யார் கேட்டார்கள்?

லெயோந்தின் கோர்மியே

கிம்லி, மானிடோபா
ஜனவரி 20, 1989

மதிப்பிற்குரிய திருமதி கோர்மியே,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படிக்கத் தைரியம் வரவில்லை. பின்னாளில் ஓரேல் உங்களைப் பற்றிச் சொல்வார்: "என் வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டா போதும், சபாநாயகரே எந்திரிச்சி நிப்பாரு." இப்போது புரிகிறது.

நூலகத்துக்குப் பெயர் வைக்கும் செய்தியைப் பத்திரிகையில் பார்த்ததும், உங்களுக்கு முதலில் எழுதாமல் மேயருக்கு எழுதியது என் தவறுதான். உங்களுக்கு எழுதப் பயம், அவ்வளவுதான்.

விளக்கம் இதுதான். எங்கள் அவையில் ‘ஜோடி’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்து உறுப்பினர் ஓட்டெடுப்புக்கு வர முடியாமல் போனால், எதிர்ப்பக்கத்தில் ஒருவரைப் பிடித்து ‘நான் வரல, நீயும் வராதே’ என்று பேசிக்கொள்வார். இரண்டு ஓட்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, வாய்வார்த்தைதான். மீறினவனோடு பிறகு யாரும் ஜோடி போட மாட்டார்கள். சாப்பாட்டு மேசையில்கூட அவன் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

அன்று ஓரேல் எனக்கு ஜோடி. நானும் அவைக்கு வரவில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் வராத ஒருவரைத்தான் எண்ணினார்கள், வராதவர்கள் இரண்டு பேர். நாங்கள் இருவரும் போயிருந்தாலும் தீர்மானம் அதே ஒரு ஓட்டில்தான் தோற்றிருக்கும். ஓரேலால் அது தோற்கவில்லை. இதைத்தான் மேயருக்குச் சொல்ல நினைத்தேன்.

எனக்கு வர முடியாமல் போனது வீட்டு விஷயம். அதை விட்டுவிடுங்கள்.

இத்துடன் எங்கள் ஐஸ்லாந்துக்காரர்களின் கேக் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், அடுக்கடுக்காக உலர்ந்த பிளம் பழம் தடவியது. மாதக்கணக்கில் கெடாது.

மரியாதையுடன்,
எய்னார் ஹால்டர்சன்

போர்-செவரென்
ஜனவரி 31, 1989

திரு. ஹால்டர்சன்,

கேக் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சர்க்கரை எனக்கு ஆகாது. தேவையில்லாத இடத்தில் வரும் சர்க்கரை சுத்தமாக ஆகாது.

உங்கள் விளக்கத்தை மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.

அரசியல்வாதியின் மனைவிக்கு ஜோடி என்றால் என்னவென்று தெரியாதா? அன்று உங்கள் கட்சிக் கொறடா ஜோடியே கிடையாது, படுத்த படுக்கையாக இருப்பவனையும் தூக்கிக்கொண்டு வா என்று உத்தரவு போட்டிருந்தார். பத்திரிகையில் வந்தது. உத்தரவை மீறி ஜோடி போடுமளவுக்கு என்ன ‘வீட்டு விஷயம்’? அது உண்மையென்றால் மறுநாளே ஒரு வரி சொல்லியிருக்கலாமே. இந்த ஊர் அவரை அடுத்த தேர்தலில் தோற்கடித்தது. மீன் அங்காடியில் அவர் முகத்துக்கு நேராகவே, "டாக்டரே, இன்னிக்கு வந்திருக்கீங்களா, இல்ல இன்னிக்கும் லீவா?" என்று சிரித்தார்கள். அப்போதெல்லாம் கிம்லியில் தபால்தலை கிடைக்கவில்லையா?

இன்னொன்றையும் சொல்கிறேன். நகர சபைக்குத் தெரியாதது இது.

அன்று மாலை தீர்மானம் தோற்றது என்று வானொலியில் கேட்டதும் உங்கள் விடுதிக்குத் தொலைபேசி செய்தேன். விடுதிக்காரி திருமதி பிளங்கட் எடுத்தாள். "டாக்டரா? மத்தியானமே கார்ல போயிட்டாரு. கையில ஒரு பொம்பளை கோட்டு வச்சிருந்தாரு" என்றாள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்கு நான் பின்னிக் கொடுத்த கம்பளிக் கையுறையில் இடது கை மட்டும் இருந்தது. மற்றது எங்கே என்றேன். "போச்சு" என்றார். கோட்டு யாருடையது என்றேன். "லெயோந்தின், அதக் கேக்காத. கேட்டா பொய் சொல்லணும்" என்றார். நான் பிறகு கேட்கவில்லை. அவர் இறக்கும் நாள்வரை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

ஆண்கள் ஆண்களைக் காப்பாற்றுவார்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு உங்கள் கணக்கு வேண்டாம். ஒரே கேள்வி: அன்று அவர் எங்கே இருந்தார்?

லெயோந்தின் கோர்மியே

கிம்லி
பிப்ரவரி 10, 1989

திருமதி கோர்மியே,

அந்தக் கையுறை விஷயம் எனக்குத் தெரியாது. அவர் உங்களிடம் அப்படிச் சொன்னார் என்பதும் தெரியாது. உங்களிடமாவது சொல்லியிருப்பார் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கோட்டு யாருடையது என்று தெரியும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஒருவரைக் கேட்க வேண்டும். கேட்பதும் எளிதில்லை.

கொஞ்சம் பொறுங்கள்.

எ. ஹா.

போர்-செவரென்
பிப்ரவரி 18, 1989

திரு. ஹால்டர்சன்,

ஆக, ஒரு பெண் இருந்தாள். இப்போதும் உயிரோடு இருக்கிறாள். நீங்கள் போய்க் கேட்கும் தூரத்தில் இருக்கிறாள்.

நன்றி. இவ்வளவு காலம் இது வெறும் சந்தேகமாக இருந்தது. சந்தேகத்தோடு ஒரு வீட்டில் வாழலாம், சமைக்கலாம், அவருக்குச் சட்டை இஸ்திரி போடலாம், கடைசிக் காலத்தில் வாய் துடைத்துவிடலாம். எல்லாம் செய்தேன். என் வேலையில் யாரும் குறை கண்டதில்லை.

அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவள் அனுமதி கொடுத்து என் கணவரைப் பற்றி நான் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. கேட்டுவிட்டீர்களென்றாலும் பதில் எனக்கு வேண்டாம். என் கையால் பின்னிய கையுறை அவளிடம் இருந்தால் அதிலேயே அவள் கையைச் சூடாக்கிக்கொள்ளட்டும். அந்த வலது கையுறையில் ஓர் அடையாளம் உண்டு. அதைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதே மாதிரி ஒன்றை யாராவது பின்னி அனுப்பிவிடுவீர்கள்.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை நகர சபை கூடுகிறது. அதற்கு முன் மேயருக்கு நானே எழுதப் போகிறேன்: டாக்டர் கோர்மியேயின் பெயரை எடுத்துவிடுங்கள், குடும்பம் விரும்பவில்லை என்று. குடும்பம் என்பது நான் ஒருத்திதான். உறையில் விலாசம்கூட எழுதியாகிவிட்டது.

நீங்கள் இனி எழுத வேண்டாம்.

லெ. கோர்மியே

கிம்லி
பிப்ரவரி 23, 1989

திருமதி கோர்மியே,

உங்கள் பேச்சை மீறி எழுதுகிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்த உறையை மட்டும் இன்னும் பெட்டியில் போடாமல் இருங்கள்.

கோட்டு என் மனைவி சிக்னியுடையது.

எங்கள் முதல் குழந்தை பிறந்து அன்றே இறந்தது. அதற்குப் பிறகு சிக்னி பேசுவதை நிறுத்திவிட்டாள், சாப்பிடுவதையும். ஒட்டாவாவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், ஆற்றங்கரையில் ஒரு மனநல மருத்துவமனை. அங்கே சேர்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கிம்லியில் எல்லோரும் அவள் அக்கா வீட்டில் இருப்பதாக நினைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் வந்தால் போகாது. உங்களுக்குத் தெரியும்.

ஓட்டெடுப்பு அன்று மதியம் விடுதிக்கு அழைப்பு வந்தது. சிக்னி யாரும் பார்க்காத நேரத்தில் வெளியே நடந்துவிட்டாள், காணவில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஓரேல் மேலேயிருந்து இறங்கி வந்தார், நல்ல கோட்டும் டையுமாக, சட்டைப்பையில் அன்றைய பேச்சு எழுதிய தாள்.

"என்னய்யா, படியில உக்காந்து தபசு பண்றீங்க? இன்னிக்கு உங்க கட்சிய மண்ணக் கவ்வ வைக்கிறேன், வந்து பாருங்க" என்றார்.

"சிக்னியக் காணோமாம்" என்றேன். அவருக்குச் சிக்னி யாரென்றே தெரியாது. எல்லாம் அந்தப் படியிலேயே சொன்னேன். நாங்கள் தினமும் ஒரே மேசையில் கஞ்சி குடித்தவர்கள், ஆனால் அதுவரை அவரிடம் வானிலையைத் தவிர எதுவும் பேசியதில்லை.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஜோடி" என்றார்.

"எங்க கொறடா ஜோடியே கூடாதுன்னுட்டாரு. நீங்க போனா ஜெயிச்சிடுவீங்க ஓரேல், சும்மா போங்க."

"உங்க கொறடாவ யார் கேட்டா? உங்களக் கேக்குறேன். நீங்க வரல, நானும் வரல. முடிஞ்சுது. உங்க கை இந்த ஆட்டம் ஆடுது, நீங்க எப்படிக் கார் ஓட்டுவீங்க? என் வண்டில போலாம். அவங்களுக்குக் கோட்டு இருக்கா?"

கோட்டை அவர்தான் என் அலமாரியிலிருந்து எடுத்தார். திருமதி பிளங்கட் பார்த்தது அதைத்தான்.

இருட்டும் நேரத்தில் கண்டுபிடித்தோம். ஆறு உறைந்திருந்தது. பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்கள் விட்டுப்போன ஒரு மரக்குடிசைப் பக்கத்தில், துளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் ஓடப் போனேன். ஓரேல் என் தோளைப் பிடித்து நிறுத்தி, மெதுவாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிக்னி அவரைப் பார்க்காமல், "கீழ மீனெல்லாம் செத்துப் போச்சா?" என்று கேட்டாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "இல்லம்மா. சாகல. குளிர்ல ரொம்ப மெதுவாயிடும். இதயம்கூட மெதுவாத்தான் அடிக்கும். பாக்கிறவங்களுக்குச் செத்த மாதிரி இருக்கும். தண்ணி சூடாகும்போது தானா நகரும். நான் நெறையப் பாத்திருக்கேன்."

"நெசமாவா?"

"மீன் விஷயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன். மத்ததுக்கெல்லாம் அரசியல்வாதி."

அவள் எழுந்தாள். அவளுக்குக் கையுறை இல்லை. அவர் தன் வலது கையுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். அவளுடைய மற்றக் கையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கரைவரை நடத்திவந்தார். இதையும் எழுதுகிறேன். நான் விட்டுவிட்டால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சிக்னியை மருத்துவமனையில் விட்டுத் திரும்பும் வழியில், கார் வானொலியில், ஒரு ஓட்டில் தோற்றது என்று கேட்டோம். அவர் சட்டைப்பையிலிருந்த பேச்சை எடுத்துக் கார்க் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் கெஞ்சினேன். "பொண்டாட்டிகிட்டகூடவா?" என்றார். "அவங்ககிட்டயும்தான்" என்றேன். சரி என்றார்.

இந்த வாரம் சிக்னியிடம் உங்கள் கடிதங்களைக் கொடுத்தேன். முப்பது வருடமாக இந்த ஊர்க் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவள். பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ எதுவும் தெரியாது. படித்துவிட்டு வெகுநேரம் என்னோடு பேசவில்லை. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பிறகு மேல் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

"இத அனுப்பு, கெழட்டு மடையா. என்னைப் பத்தி அங்க சபையில படிக்கணும்னா படிக்கட்டும். அந்த மனுஷன் பேரு போறதுக்கு என் பேரு போனாப் பரவால்ல" என்றாள். சொல்லிவிட்டு, துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள்.

பிறகு, "ஒண்ணு மட்டும் எழுது. இதப் பின்னினவங்க பின்னலெல்லாம் அழகாத்தான் பின்னியிருக்காங்க, ஆனா கட்டைவிரலுக்கு அளவு எடுக்கத் தெரியல. பாதிலயே முடிச்சிட்டாங்க" என்றாள்.

கையுறை இத்துடன் இருக்கிறது. எது வேண்டுமானாலும் சபையில் படியுங்கள்.

எய்னார் ஹால்டர்சன்

போர்-செவரென்
மார்ச் 5, 1989

அன்புள்ள எய்னார்,

உங்கள் மனைவிக்கு முதலில் சொல்லுங்கள்: என் பின்னலில் பிழை கிடையாது. சிப்பி திறக்கும் கத்தியில் ஓரேலின் வலது கட்டைவிரல் நுனி போய்விட்டது. அந்தக் குட்டை விரலுக்கு அளந்துதான் பின்னினேன். முழு நீளத்துக்குப் பின்னினால் நுனி காலியாகத் தொங்கும், காற்று புகும். நான் உங்களிடம் சொல்ல மறுத்த அடையாளம் அதுதான். உங்கள் மனைவி குறை சொல்லாமல் இருந்திருந்தால், பொட்டலத்தில் வந்ததை வெளிச்சத்தில் பிடித்து ஒரு வாரம் ஆராய்ந்திருப்பேன். குறை சொன்னதால் பிரிக்கும் முன்பே நம்பிவிட்டேன்.

மேயருக்கு எழுதிய உறையை அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை சபைக்குப் போனேன். உங்கள் கடிதத்தை வேண்டுமென்றே வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கைப்பையில் இருந்தால் எடுத்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

ஜோடியைப் பற்றி எழுந்து நின்று சொன்னேன். வராதவர்கள் இரண்டு பேர் என்று சொன்னேன். ஃபிடெல் தெரியோ கணக்கை ஒப்புக்கொண்டார், ஆனால் விடவில்லை.

"மதாம், நம்மாளு போயிருந்தா ஓட்டு சமமாயிருக்கும்ல? மேற்கத்திக்காரன் ஒருத்தனுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தினாராம்! நமக்குக் குடுத்த வாக்கு என்னாச்சு?"

பின்வரிசையில் கை தட்டினார்கள். நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது, ஆனால் அது என்னுடையது இல்லை.

புது உறுப்பினர் ஒருத்தி இருக்கிறாள், பள்ளி ஆசிரியை, நம் பக்கம். என் அருகில் வந்து குனிந்து, "மதாம், அன்னிக்கு அவர் எங்க இருந்தார்னு மட்டும் சொல்லுங்க. ஒரு நல்ல காரணம் இருந்தாப் போதும், இன்னும் ஒருத்தர் நம்ம பக்கம் வந்துடுவாரு" என்றாள்.

ஃபிடெல் அதையும் கேட்டுவிட்டார். "அவங்களுக்கே தெரியாதும்மா. பாவம், ஏன் நோண்டறே?" என்றார்.

அந்த மனிதர் சொன்னது போன வாரம்வரை உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டும். நான் எழுந்தேன். கான்வென்டில் எங்களை எப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படி நின்றேன்.

"எனக்குத் தெரியும், ஃபிடெல். அவர் எங்க இருந்தார், யார்கூட இருந்தார், எதுக்கு இருந்தார், எல்லாம் தெரியும். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஓட்டெடுத்தார்கள். நாலுக்கு மூன்று. ஒரே ஓட்டில் ஓரேல் மறுபடியும் தோற்றார். நூலகத்துக்கு ‘நகர நூலகம்’ என்றே பெயர். எழுத்துகள் பெரிதாக இருக்கும் என்கிறார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, அவரும் அன்று இப்படித்தான் அந்தக் காரில் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. முப்பத்து நான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. என்னிடம் அவர் சொல்லியிருக்கலாம் என்ற கோபம் முழுதும் போகவில்லை. போகும் என்று வாக்குத் தர மாட்டேன். நான் மறுபடியும் கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லியிருப்பார். கேட்காததற்கு இப்போது சந்தோஷப்படுகிறேன்.

இந்தக் கடிதத்தைப் போட இரண்டு கையுறையும் அணிந்து தபால் நிலையம் போகப் போகிறேன். வலது கை இறுக்கமாக இருக்கிறது. சிக்னி அதை வெந்நீரில் துவைத்திருக்கிறார். கம்பளியை யாராவது வெந்நீரில் போடுவார்களா என்று கேளுங்கள்.

அப்படியே ஒரு தாளில் சிக்னியின் இரண்டு கையையும் வைத்துக் கோடு வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டைவிரலை நன்றாக விரித்து வைக்கட்டும்.

லெயோந்தின்